அமெரிக்காவில் வெறுப்புக் குற்ற வழக்கு: உங்கள் மீது புகார் வந்தால் முதலில் என்ன செய்வது?

1998-ல் டெக்சஸில் ஜேம்ஸ் பேர்டு என்ற கறுப்பினத்தவரை வண்டியில் கட்டி இழுத்தே கொன்றார்கள். இப்படி இனம், மதம் போன்றவற்றின் மீதுள்ள வெறுப்பால் ஒருவரைத் தாக்குவதுதான் வெறுப்புக் குற்றம். 2009-ல் வந்த மத்திய அரசின் வெறுப்புக் குற்றச் சட்டம் அவர் பெயரையும் தாங்கியிருக்கிறது. அப்படியொரு சட்டம் தேவை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அதனால்தான் தவறான ஆள் மீது அது பாயக்கூடாது என்றும் நினைக்கிறேன்.

படி 1: பேசாதீர்கள், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று போலீசாரிடம் விளக்கப் போனால், அந்தப் பேச்சிலிருந்தே உங்கள் நோக்கத்துக்குச் சாட்சியம் எடுப்பார்கள். சும்மா மௌனமாக இருந்தாலும் போதாது. 2010-ல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்தது. "பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குடியுரிமை இல்லாதவர் என்றால் அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் வரை போகலாம்.

படி 2: பழைய பதிவு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் அது தனிக் குற்றமாகிவிடலாம். புகார் கொடுத்தவரைத் தொடர்புகொள்ளவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்பதற்காகக்கூட.

படி 3: வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அடித்தாரா என்பது ஒரு கேள்வி. எதற்காக அடித்தார் என்பது இன்னொன்று. இரண்டாவதையும் அரசுத் தரப்புதான் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். வெறுப்பைக் காட்டித் தண்டனையை உச்ச வரம்புக்கு மேல் கூட்ட வேண்டுமானால், அதை முடிவு செய்ய வேண்டியது ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு), நீதிபதி அல்ல என்று 2000-ல் அப்ரெண்டி வழக்கில் தீர்ப்பு வந்தது.

2011-ல் ஒஹாயோவில், தாடியை மத அடையாளமாகக் கருதும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தில் சிலர், தம் சமூகத்தாரையே பிடித்துத் தாடியை வெட்டினார்கள். வெறுப்புக் குற்றம் என்று தண்டனையும் கிடைத்தது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மதம் ஒரு முக்கியக் காரணமாக இருந்தால் போதாது, மதம் இல்லையென்றால் தாக்குதலே நடந்திருக்காது என்று காட்ட வேண்டும் என்றது. குடும்பச் சண்டை, அதிகாரப் போட்டி என்று வேறு காரணங்களும் அங்கே இருந்தன.

சரி, உங்கள் வழக்கில் அந்த வேறு காரணம் என்ன? பார்க்கிங் தகராறா, பணமா, பழைய பகையா? அப்புறம் சண்டையின்போது வாயில் வந்த இழிசொல்லையும் வக்கீலிடம் மறைக்காதீர்கள். பேச்சை நோக்கத்துக்குச் சாட்சியமாக எடுக்கலாம் என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வக்கீல் அதை நீதிமன்றத்தில்தான் முதன்முதலாகக் கேட்க வேண்டுமா?

படி 4: ஞாபகம் மங்கும் முன், நடந்ததை நேர வரிசையில் எழுதுங்கள். யார் பார்த்தார்கள், எந்தக் கேமராவில் பதிந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடக்கூடும். மேலே "என் வக்கீலுக்கு" என்று எழுதி, அவரிடம் மட்டும் கொடுங்கள்.