பிபிசி பாலின அடையாள விவாதத்துல சாயுதான்னு எப்படிப் பாக்குறது, புகார் எப்படி எழுதுறது

பிபிசி மேல ரெண்டு பக்கத்துக்காரங்களும் ஒரே நேரத்துல கோவமா இருக்குற விஷயம் பாலின அடையாளம். திருநர்கள்ல பல பேரு "எங்களப் பத்தியே பேசுறாங்க, எங்ககிட்ட பேச மாட்டேங்குறாங்க"ன்னு சொல்றாங்க, பெண்களுக்குத் தனி இடம் வேணும்னு கேக்குறவங்க "எங்க கேள்வி செய்திக்குள்ளயே வர்றதில்ல"ன்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் திட்டுனா நடுவுலதான் நிக்குறாங்கன்னு அர்த்தம்னு சில பேரு சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல, ஒரு நிகழ்ச்சி இந்தப் பக்கம் சாஞ்சு இன்னொண்ணு அந்தப் பக்கம் சாஞ்சா ரெண்டு புகாரும் உண்மையாத்தான் இருக்கும். பிபிசிய நடத்துறதுக்குப் பிரிட்டன்ல வாங்குற டிவி லைசென்ஸ் கட்டணத்தக் கட்டுற யாரும் கேள்வி கேக்கலாம், ஆனா கேக்குற விதம்னு ஒண்ணு இருக்கு.

முதல்ல ஒரு வாக்கியத்தப் பிடிங்க. "பிபிசி ஒருதலைப்பட்சம்"னு பொத்தாம்பொதுவா எழுதுனா பொத்தாம்பொதுவாத்தான் பதில் வரும். எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, எத்தனாவது நிமிஷம், வாயில வந்த வார்த்தை என்ன, இந்த நாலும் கையில இருக்கணும். செய்தி புல்லட்டின் பிபிசியோட ஆன்லைன் சேவையான ஐபிளேயர்ல ரொம்ப நாள் கிடக்காது, அதனால பாத்த அன்னிக்கே குறிச்சு வச்சிடுங்க.

கட்டுரைன்னா தலைப்ப ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, இணையப் பக்கங்களச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்லயும் ஒரு காப்பி போட்டுடுங்க, ஏன்னா தலைப்பு மாறும். 2021 அக்டோபர்ல லெஸ்பியன் பெண்கள் சில பேர திருநங்கைகள் சில பேர் உறவுக்கு வற்புறுத்துறாங்கன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. அதுல காட்டுன சர்வேல கலந்துக்கிட்டது 80 பேர், அத எடுத்ததும் இந்த விவாதத்துல ஏற்கனவே ஒரு பக்கம் நிக்குற ஒரு குழு. பிபிசிக்குள்ளயே புகார்கள மேல் கட்டத்துல விசாரிக்கிற எக்ஸிக்யூட்டிவ் கம்ப்ளைன்ட்ஸ் யூனிட், சுருக்கமா ஈசியூ, 2022ல என்ன சொல்லுச்சுன்னா, கட்டுரை எழுதுனது நியாயமான வேலைதான், ஆனா தலைப்பும் சர்வேய கையாண்ட விதமும் துல்லியத்துல தவறிடுச்சுன்னு. தலைப்பும் மாறுச்சு. இங்க கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் சொன்னது பொய்னு யாரும் தீர்ப்பு சொல்லல, தலைப்பு வச்ச விதமும் சர்வேயக் காட்டுன விதமும்தான் குத்தம். புகார் எழுதும்போது இந்த ரெண்டையும் கலக்காதீங்க.

அடுத்தது சொல். நம்ம "திருநங்கை"ன்னு ஒரே சொல்லுல சொல்லிட்டுப் போயிடுறோம், இங்கிலீஷ்ல அந்த இடத்துலதான் சண்டையே, எந்தச் சொல்ல எடுத்தாலும் ஒரு பக்கம் தெரிஞ்சிடும். 2023 ஆகஸ்ட்ல பிபிசி ரேடியோவோட டுடே நிகழ்ச்சியில, திருநங்கைகள் பெண்கள் போட்டியில ஆடுறதப் பத்தின உலக செஸ் கூட்டமைப்போட புது விதியப் பேசும்போது தொகுப்பாளர் ஜஸ்டின் வெப், திருநங்கைகள், அதாவது ஆண்கள்னு விளக்கம் குடுத்துட்டாரு. விருந்தினர் சொல்லியிருந்தா அது அவங்க கருத்து, தொகுப்பாளரே சொன்னதால சர்ச்சைக்குரிய விஷயத்துல ஒரு பக்கம் நின்ன மாதிரி ஆச்சுன்னு 2024 பிப்ரவரியில ஈசியூ அந்தப் புகார ஓரளவு ஏத்துக்கிச்சு. அதனால யார் வாயில இருந்து வந்துச்சுங்கிறத மறக்காம எழுதுங்க.

வார்த்தையே இல்லாமலும் சாயலாம். 2025 ஜூன்ல வெயில் கொடுமை பத்தி மார்ட்டின் க்ராக்ஸால் நேரலையில செய்தி வாசிக்கிறாங்க, எதிர்ல ஓடுற ஸ்க்ரிப்ட்ல "கர்ப்பமான நபர்கள்"னு இருக்கு, அதப் படிச்ச உடனே "பெண்கள்"னு திருத்துறாங்க, கூடவே முகத்துல ஒரு பாவனை. சில நொடிதான். 20 பேர் புகார் குடுத்தாங்க, நவம்பர்ல ஈசியூ ஏத்துக்கிச்சு, முக்கியமா அந்த முகபாவனைக்காக. அந்த ஸ்க்ரிப்ட் ஆராய்ச்சிக்காரங்க பிரஸ் ரிலீஸ்ல இருந்த வார்த்தைய சரியா மாத்தாம எடுத்துக்கிட்டதுன்னும் சொல்லுச்சு. என்னைக் கேட்டா ரெண்டையுமே பாக்கணும், வாசிச்சவங்க முகத்த மட்டும் பாத்துட்டு ஸ்க்ரிப்ட் எழுதுன கைய விடக் கூடாது, ஏன்னா ஸ்க்ரிப்ட்ல போற சொல்லும் ஒரு தேர்வுதான்.

அப்புறம் குறுக்குக் கேள்வி. 2023 பிப்ரவரியில ரேடியோ ஸ்காட்லாந்துல ஒரு விருந்தினர் ஹாரி பாட்டர் எழுதுன ஜே.கே. ரௌலிங் மேல குற்றச்சாட்டு வச்சாங்க, தொகுப்பாளர் மறுத்துக் கேக்கவே இல்லைன்னு பிபிசி மன்னிப்பு கேட்டுச்சு. ஒரு விருந்தினர்கிட்ட ஆதாரம் கேட்டு இன்னொருத்தர சும்மா விட்டாங்களான்னு எண்ணிப் பாருங்க. நிமிஷக் கணக்கு மட்டும் போதாது, விதியில இருக்கிறது விஷயத்துக்குத் தகுந்த நடுநிலை, ஆளுக்குப் பாதி நேரம்னு எங்கயும் இல்ல.

இப்ப உங்களையே சோதிங்க, இதத் தாண்டாம அனுப்பாதீங்க. நீங்க பிடிச்ச வாக்கியத்துல பக்கத்த மாத்திப் போட்டுப் படிங்க, உங்களுக்குப் பிடிச்ச கருத்த தொகுப்பாளர் அதே மாதிரி சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா? இல்லன்னா அது நடுநிலைப் புகார் இல்ல, கருத்து வேறுபாடு.

ரொம்பக் கஷ்டம் வராத செய்தியக் காட்டுறது. 2025 நவம்பர்ல வெளிய கசிஞ்ச, பிபிசிக்கு முன்னாடி வெளி ஆலோசகரா இருந்த மைக்கேல் பிரெஸ்காட்டோட குறிப்புல, திருநர் விஷயத்துல ஒரு பக்கத்துக்குப் பிடிக்காத செய்திகள் அமுக்கப்பட்டுச்சுன்னு குற்றச்சாட்டு இருந்துச்சு, அந்தப் புயல்ல டைரக்டர் ஜெனரல் டிம் டேவியும் நியூஸ் தலைவர் டெபோரா டர்னஸும் ராஜினாமா பண்ணாங்க, ஆனா அந்தப் புயலோட பெரும்பகுதி டிரம்ப் பேச்ச வெட்டி ஒட்டுனதப் பத்தினது. விடுபட்டதக் காட்டணும்னா ஒரு மாசமாவது மத்த சேனல், பத்திரிகையோட பக்கத்துல வச்சு தேதி வாரியா குறிக்கணும், பொறுமை வேணும்.

புகார முதல்ல பிபிசிக்கே அனுப்பணும். ஒளிபரப்பாகி 30 வேலை நாளுக்குள்ள ஆன்லைன் ஃபார்ம்ல போடுங்க. பதில் திருப்தியா இல்லன்னா 20 வேலை நாளுக்குள்ள மறுபடி எழுதுங்க, அதுக்கப்புறம் ஈசியூ, கடைசியாத்தான் பிரிட்டனோட ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், அங்கயும் 20 வேலை நாள் கணக்கு. புகார சின்னதா வைங்க, ஒரு புகாருக்கு ஒரு குத்தம், பிபிசியோட விதிப்புத்தகத்துல துல்லியம், நடுநிலை இந்த ரெண்டுல எது மீறப்பட்டுச்சுன்னு பேரச் சொல்லுங்க. ஒரே லெட்டர நூறு பேர் காப்பி பண்ணி அனுப்புனா நூறு பேருக்கும் ஒரே பதில்தான் வரும். நிகழ்ச்சியில வந்ததே நீங்கதான், உங்கள அநியாயமா காட்டிட்டாங்க இல்ல உங்க அந்தரங்கத்த வெளிய விட்டுட்டாங்கன்னா மட்டும் பிபிசிக்காகக் காத்திருக்க வேணாம், நேரா ஆஃப்காமுக்கே போகலாம்.