தாய்வழி வேரைத் தேட: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ படிப்படியாக

செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வருகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு வளைய டிஎன்ஏ உண்டு. 37 மரபணுக்கள், 16,569 எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி என்ற நான்குதான் மாறி மாறி வரும்), அவ்வளவுதான். அது அம்மா வழியாக மட்டுமே வரும். மகனுக்கும் கிடைக்கும், அவன் பிள்ளைகளுக்குப் போகாது.

படி 1: யாரைச் சோதிப்பது?

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள், அம்மா, அம்மாவின் அம்மா என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். 10 தலைமுறை மேலே மூதாதையருக்கு 1,024 இடங்கள். இந்தச் சோதனை காட்டுவது அதில் ஒரே ஒரு பெண்ணை. அப்பாவைப் பெற்ற பாட்டியின் வழி வேண்டுமென்றால் அப்பா மாதிரி கொடுக்க வேண்டும். அவர் இல்லையா? அதே பாட்டி பெற்ற பெரியப்பா, சித்தப்பா, அத்தை யாரும் சரி. அத்தையின் பிள்ளைகளும் சரி. சித்தப்பா பிள்ளைகள் உதவமாட்டார்கள்.

படி 2: முழு வரிசையைக் கேளுங்கள்

முழு வரிசை என்றால் 16,569 எழுத்துகளும். சில சோதனைகள் அதிகம் மாறும் பகுதியை மட்டும் வாசிக்கும். என்னைக் கேட்டால் அது காசுக்குக் கேடு. மாதிரி எடுப்பது எளிது: கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்புவீர்கள்.

படி 3: முடிவைப் படிப்பது

263ஜி போன்ற குறிகள் வரும். 263-வது இடத்தில் உங்களுக்கு ஜி. எல்லோரையும் ஒப்பிடப் பயன்படும் பொது ஒப்பீட்டு வரிசையில் ஏ. அந்த வரிசை 1981-ல் வெளியாகி 1999-ல் திருத்தப்பட்டது. அதில் உள்ள ஏ-தான் அபூர்வம்; உலகில் பெரும்பாலோருக்கு அங்கே ஜி. ஆகவே 263ஜி-யைப் பார்த்துத் துள்ள வேண்டாம்.

படி 4: கிளையைக் கண்டுபிடிப்பது

ஹாப்லோகிரெப் என்ற இலவசக் கருவியில் சோதனை முடிவுக் கோப்பை ஏற்றினால் உங்கள் ஹாப்லோகுரூப், அதாவது மனிதத் தாய்வழி மரத்தில் உங்கள் கிளை, தெரியும். கிளைகளுக்கு எழுத்தும் எண்ணும்தான் பெயர். ஆப்பிரிக்கக் கிளையான எல்3-லிருந்து பிரிந்தவை எம், என். ஆர் என்பது என்-னின் உட்கிளை. முழு வரிசையைப் பொதுவில் போடாதீர்கள்: 11778ஏ போல, பார்வை நரம்பைப் பாதிக்கும் மாற்றங்களும் அதில் தெரியும்.

படி 5: பொருத்தம்

இன்னொருவருடைய வரிசையோடு முழுப் பொருத்தம் என்றால் நெருங்கிய சொந்தம் என்று அர்த்தமில்லை. 2012-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் தோண்டியெடுத்த எலும்புகள் அந்நாட்டு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையவை என்று உறுதிசெய்ய, அவருடைய அக்காவின் பெண்வழியில் வந்த இன்றைய சந்ததியோடு ஒப்பிட்டார்கள். 500 ஆண்டுக்கு மேல் கடந்தும் ஒருவருடைய வரிசை முழுதாகப் பொருந்தியது. இன்னொருவருக்கு ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அதனால் பொருந்தியவருக்கு எழுதும்போது, தாய்வழியில் அவருக்குத் தெரிந்த கடைசிப் பெண்ணின் பெயரையும் ஊரையும் முதலில் கேளுங்கள்.