300 பார் கம்ப்ரசர்: காற்றோடு வரும் தண்ணீரைக் கவனியுங்கள்

பிசிபி ஏர்கன்னுக்கு (முன்பே அழுத்தி அடைத்த காற்றால் சுடும் துப்பாக்கி) காற்று அடைக்க வாங்கும் சிறிய கம்ப்ரசர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: 1,800 வாட் மோட்டார், காற்றை இரண்டு கட்டமாக அழுத்தும் பிஸ்டன்கள், ஹெட்டைக் குளிர்விக்க பக்கெட்டிலிருந்து சுற்றும் தண்ணீர், 300 பார் வரை அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). பஞ்சர் கடைக் கம்ப்ரசர் 8, 10 பாரில் நாள் முழுக்க ஓடும். அந்தப் பழக்கத்தில் இதை ஓட்டினால் சில மாதத்தில் படுத்துவிடும்.

முதலில் ஒரு கணக்கு. காற்றைச் சேமித்து வைக்கும் 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பாருக்கு நிரப்ப வெளிக்காற்று ஏறக்குறைய 2,000 லிட்டர் வேண்டும், அதாவது 2 கன மீட்டர். சென்னை மாதிரிக் கடலோர ஊரில், 32 டிகிரி வெயிலும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், அந்தக் காற்றில் சுமார் 50 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். டீ கிளாஸில் பாதி. அழுத்தியதும் காற்றால் அதைத் தாங்க முடியாது. கிட்டத்தட்ட அத்தனையும் தண்ணீராக இறங்கிவிடும். நீங்கள் வெளியேற்றாவிட்டால் அது போகும் இடம் சிலிண்டரும் ரைஃபிளின் ரெகுலேட்டரும்தான். கீழே சொல்லும் பாதி வேலை இந்த 50 மில்லிக்காகத்தான்.

ஓட்டுவதற்கு முன்

16 ஆம்பியர் பவர் பிளக், நல்ல எர்த், இரண்டும் கட்டாயம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டால் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும்; காயில் கருக அரை நிமிடம் போதும்.

மெஷினை அனுப்பும்போது ஆயில் பெட்டியின் மேல் போட்டிருந்த மூடியை எடுத்துவிட்டு, காற்றுத் துளை உள்ள மூடியைப் போடுங்கள். ஆயில் அளவு கண்ணாடியில் உள்ள சிவப்பு வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் உபரி ஆயில் ரிங்கைத் தாண்டிக் காற்றோடு போய்விடும். கையேட்டில் 46 அல்லது 68 என்று எண் போட்டிருந்தால் அதே தடிப்பில் சிந்தெடிக் கம்ப்ரசர் ஆயில் வாங்குங்கள். பைக் என்ஜின் ஆயில் வேண்டாம். இரண்டாம் கட்டச் சூட்டில் அது கரியாகி வால்வில் ஒட்டும். ஒட்டிய வால்வு மூடாது, அழுத்தம் ஏறாது.

பக்கெட்டில் 15, 20 லிட்டர் தண்ணீர் வையுங்கள். உப்பு கூடிய போர்வெல் தண்ணீரில் உள்ளே உப்புப் படியும். ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ நல்லது. பம்பைப் போட்டு, திரும்பி வரும் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டுகிறதா என்று பார்த்த பிறகே மோட்டாரைத் தொடுங்கள். கோடையில் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து அப்படியே பக்கெட்டில் மிதக்க விடலாம்.

புது மெஷினை, தண்ணீரை வெளியேற்றும் வடிகால் திருகுகளைத் திறந்தே வைத்து 10 நிமிடம் சும்மா ஓட விடுங்கள். முதல் இரண்டு மணி நேர ஓட்டத்துக்குள் ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலில் மினுமினுக்கும் உலோகத்தூள் தெரியும். அதன் பிறகு 10 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும்.

நிரப்பும்போது

ஹோஸை மாட்டி, சிலிண்டர் வால்வைத் திறந்து, மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஆட்டோ-ஸ்டாப் முள்ளைத் தேவையான அழுத்தத்தில் வையுங்கள். 10 மீட்டர் போட்டி ரைஃபிளின் சிலிண்டர்களுக்கு வழக்கமாக 200 பார்தான் உச்சம். அதன் மேல் பொறித்திருப்பதே கடைசி வார்த்தை. தேதியையும் பாருங்கள். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) போட்டிகளில் 10 ஆண்டு காலாவதி தாண்டிய சிலிண்டரை அனுமதிப்பதில்லை.

வடிகால் திருகுகள் திறந்திருக்க மோட்டாரைப் போடுங்கள். சத்தம் சீரானதும் ஒவ்வொன்றாகக் கையால் மூடுங்கள். ஸ்பேனர் எடுக்காதீர்கள், திருகின் முனை அமரும் இடத்தில் ஒரு கோடு விழுந்தால் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

5 நிமிடத்துக்கு ஒருமுறை வடிகாலைக் கால் சுற்று திறந்து இரண்டு மூன்று நொடி ஊத விடுங்கள். அடியில் ஒரு பழைய துணியைப் பிடித்தால் வருவது தெரியும்: மோர் நிறத்தில், தண்ணீரும் ஆயிலும் கலந்த சாரல். கேஜ் சில பார் இறங்கினால் கவலை வேண்டாம். மழைக்காலத்தில் 3 நிமிட இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் 65 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி ஆற விடுங்கள். பெரிய சிலிண்டரை ஒரே மூச்சில் நிரப்பப் பார்ப்பவர்கள்தான் அடிக்கடி பிஸ்டன் ரிங் வாங்குகிறார்கள்.

போட்டி ரைஃபிளின் சிலிண்டர் கால் லிட்டர்கூட இருக்காது. நேராக இணைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும். முள் எகிறும், சிலிண்டர் சுடும், ஆறியதும் அழுத்தம் இறங்கும். பெரிய சிலிண்டரை நிரப்பி வைத்து, அதிலிருந்து மெதுவாக ரைஃபிளுக்கு மாற்றுவதே சரி. ஈரம் தங்குவதற்கும் நடுவில் ஓர் இடம் கிடைக்கும்.

முடிக்கும் வரிசை முக்கியம். மோட்டாரை அணை, சிலிண்டர் வால்வை மூடு, வடிகாலைத் திற, கேஜ் பூஜ்யமானதும் ஹோஸைக் கழற்று. மோட்டார் ஓடும்போதே வால்வை மூடினால் ஹோஸின் குட்டி இடத்துக்குள் அழுத்தம் நொடிகளில் ஏறி, பாதுகாப்புத் தகடு (அழுத்தம் எல்லை மீறினால் உடைந்து காற்றை விடும் மெல்லிய தகடு) வெடிக்கும். கடைசியில் வடிகால் திறந்தபடி ஒரு நிமிடம் ஓட்டுங்கள், மிச்ச ஈரம் போகட்டும். தண்ணீர் பம்ப் இன்னும் 5 நிமிடம் ஓடட்டும்.

கோளாறு வந்தால்

அழுத்தம் பாதியில் நிற்கிறதா? முதலில் சோப்புத் தண்ணீர். இணைப்புகள், வடிகால் முனை, ஹோஸின் இரு தலை. குமிழி இல்லை, ஆனால் ஆயில் மூடித் துளையில் காற்று பலமாக அடிக்கிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அங்கும் அமைதி என்றால் ஹெட்டைக் கழற்றி வால்வில் கரி இருக்கிறதா என்று பாருங்கள். கசிவை விரலால் தேடவே கூடாது: ஊசிமுனைத் துளையில் வரும் 200 பார் காற்று தோலுக்குள் புகுந்துவிடும்.

சூடு வழக்கத்தைவிட வேகமாக ஏறினால் பம்பின் வாயில் குப்பையோ குழாயில் காற்றுக் குமிழோ இருக்கும். ஆயில் கண்ணாடி பால் மாதிரி வெளுத்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். மாற்றியும் வெளுத்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

பாதுகாப்புத் தகடு வெடித்தால் காரணம் தெரியாமல் புதியதைப் போடாதீர்கள். ஆட்டோ-ஸ்டாப் சிக்கியிருக்கலாம், கேஜ் பொய் சொல்லலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஒன்றுக்கு இரண்டு தகடு அடுக்குவது, நாணயத்தை வெட்டி வைப்பது போன்ற கைவேலை வெடிகுண்டுக்குத் திரி வைப்பதுதான்.

ஓ-ரிங் 90 ஷோர் கடினத்தில் வாங்குங்கள். பிளம்பர் கடையில் கிடைக்கும் மிருதுவான 70 ஷோர் ரிங், அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் கொப்புளம் போட்டுப் பிளந்துவிடும். பூசுவது சிலிக்கான் கிரீஸ் மட்டும், ரிங் பளபளக்கும் அளவு. பெட்ரோலிய கிரீஸ் அழுத்தக் காற்றில் தானே பற்றிக்கொள்ளக்கூடும். அதே காரணத்துக்காக, ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஏர்கன்னை நிரப்பும் எண்ணமே வேண்டாம்.

ஃபில்டரை நிமிர்த்தி வையுங்கள். காற்று மேல்முனையால் வெளியேறினால் தண்ணீர் அடியில் தங்கும். உள்ளே இருக்கும் பஞ்சு பழுப்பாகவோ ஈரமாகவோ இருந்தால் தூக்கிப் போடுங்கள், காய வைத்து மறுபடி போட வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் குளிர்விப்புக் குழாயில் மிஞ்சிய தண்ணீரை ஊதி வெளியேற்றி, வடிகால் திருகுகளைத் திறந்தே விட்டு, மேலே ஒரு துணி போட்டு மூடி வையுங்கள்.