பழைய பீங்கானை வீட்டில் வைப்பது எப்படி: பூச்சாடி, விளக்கு, குமிழ், வாஷ்பேசின்

பழைய பீங்கானைக் கையாள ஒரே விதிதான்: இன்று செய்வதை நாளை கழற்றிவிட முடிய வேண்டும். போட்ட துளை மூடாது, தேய்ந்த தங்கப்பூச்சு திரும்ப வராது. எதை ஒட்டுவது, எப்படிக் கழுவுவது, எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

முதலில் சோதனை

நூறு வயது கடந்ததை ஆன்டிக் என்பார்கள், அதற்கு இளையது விண்டேஜ். அலங்காரத்துக்கு வயதைவிடப் பொருளின் உடல்நிலைதான் முக்கியம். இருட்டறையில் சாடிக்குள் சின்ன டார்ச்சை இறக்கிப் பாருங்கள். விளிம்புப் பக்கம் மெல்லிய சுவர் வழியே வெளிச்சம் கசிந்தால் பீங்கான்; அடிப்பகுதி தடிமனாக இருப்பதால் அங்கே கசியாது. அதே வெளிச்சத்தில் மயிரிழை விரிசல் கருங்கோடாகத் தெரியும். பிறகு மெருகு (கண்ணாடி போன்ற சுட்ட பூச்சு) இல்லாத அடிவளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் அது மண்பாண்ட வகை, ஈரத்தில் ஊறவிடவே கூடாது. விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டினால் நல்ல சாடி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று அடங்கிவிடும். புற ஊதா டார்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒட்டி வண்ணம் பூசி மறைத்த இடம் பெரும்பாலும் சுற்றியுள்ள பகுதியிலிருந்து மாறுபட்டு ஒளிரும்.

அடியில் உள்ள முத்திரையை முழுதாக நம்ப வேண்டாம். ஜெர்மனியின் மெய்சன் பீங்கான் ஆலையின் குறுக்குவாள் குறி பல இடங்களில் நகலெடுக்கப்பட்டது. சீனச் சாடிகளில் முந்தைய பேரரசரின் ஆட்சிக் குறியைப் போடுவது பழைய வழக்கம். நாட்டின் பெயர் ஓரளவு உதவும். இறக்குமதிப் பொருளில் அதை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியப் பொருள்களில் ‘நிப்பான்’ என்பது 1921-க்குப் பிறகு ‘ஜப்பான்’ ஆனது. ஆனால் பெயர் இல்லை என்பதற்காகவே பொருள் பழையது என்று முடிவு கட்டிவிட முடியாது. அமெரிக்காவுக்குப் போகாத பொருளில் அது இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

கழுவுதல்

பிளாஸ்டிக் தொட்டிக்குள் மடித்த துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு மிதமான பாத்திரத் திரவம் சேருங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பொருளாகக் கழுவுங்கள். தூக்கும்போது கைப்பிடியையோ கழுத்தையோ பிடிக்காமல் ஒரு கையை அடியிலும் மறுகையை உடலிலும் கொடுங்கள். பழைய ஒட்டுகள் விட்டுப்போவது அந்தக் கைப்பிடிகளில்தான்.

ஒட்டுப்போட்டது, விரிசல் விட்டது, மெருகில் வலைபோலக் கீறல் ஓடியது ஆகிய மூன்றையும் தண்ணீரில் போடாதீர்கள். பழைய பசை ஊறிக் கழன்றுவிடும், கீறலுக்குள் அழுக்குநீர் இறங்கிப் பழுப்பேறும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். பிளீச், பாத்திரம் கழுவும் இயந்திரம், தேய்ப்புப் பொடி எதுவும் வேண்டாம். மெருகுக்கு மேல் தீட்டிய வண்ணமும் தங்கமும் குறைந்த சூட்டில் சுட்டு ஒட்டவைத்தவை. கார நுரைக்கும் அமிலத்துக்கும் அவை தாங்காது. வினிகர் ஊற்றி உப்புக்கறையை எடுக்கலாம் என்பார்கள். உள்பக்கம் மட்டும், ஓவியம் இல்லாத இடத்தில், நீர் கலந்து சிறிது நேரம் விட்டு அலசினால் சரி. வெளிப்பக்கம் ஒரு துளிகூட வழியக்கூடாது.

நிற்க வைக்கும் இடம்

சாடிகள் பெரும்பாலும் உடைவது கைதவறி அல்ல, தட்டுப்பட்டுத்தான். முழங்கை உயரத்தில், நடைபாதை ஓரத்தில், கதவு அறையும் சுவரில் வைக்காதீர்கள். ஸ்பீக்கர் இருக்கும் அலமாரியில் அதிர்வால் பொருள் நாள்பட மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். இதை யாரும் கவனிப்பதில்லை. விளிம்பிலிருந்து குறைந்தது 5 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள், மாதம் ஒருமுறை நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அடி அகலம் இல்லாத சாடி எளிதில் சாயும். அதற்கு உள்ளே எடை வேண்டும். மணலை நேரடியாகக் கொட்டாதீர்கள், உள்மெருகு கீறும். வெறும் பிளாஸ்டிக் பையைக் கழுத்து வழியே இறக்கி, புனல் வைத்து உலர்ந்த நுண்மணலைச் சாடியின் மூன்றில் ஒரு பங்கு உயரம்வரை நிரப்புங்கள். பையின் வாயை நூலால் கட்டி, நூல் நுனியைக் கழுத்தருகே விட்டுவைத்தால் பின்னால் மணலைக் காலிசெய்து பையை வெளியே எடுக்கலாம்.

அடியை அலமாரியோடு பிடிக்க அருங்காட்சியக மெழுகு உதவும். பட்டாணி அளவு மூன்று உருண்டைகளை அடிவளையத்தில் வைத்து, அழுத்தி இலேசாகத் திருப்புங்கள். எடுக்கும்போது நேராக மேலே இழுக்காமல் திருகி எடுங்கள். மசியவில்லை என்றால் அடியில் மெல்லிய நூலை விட்டு அறுக்கலாம். தண்ணீரை உறிஞ்சிய மண்பாண்ட அடியில் மெழுகு எண்ணெய்க்கறை விடும், அங்கே வேண்டாம். தங்கப்பூச்சின் மேலும் வேண்டவே வேண்டாம்.

அடுக்கும் விதத்துக்கு விதிகள் எத்தனையோ சொல்வார்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையும் வேறுவேறு உயரமும் இருந்தால் போதும், மற்றதைக் கண் பார்த்துக்கொள்ளும். வெளிச்சம்தான் பெரிய விஷயம். நீலவெள்ளைச் சாடியை மஞ்சள் பல்பின் கீழ் வைத்தால் கோபால்ட் நீலம் சாம்பலாய்ச் செத்துப்போகும். 4000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) அளவில், நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி போடுங்கள். தங்கமும் சிவப்பும் மேலோங்கியவற்றுக்கு 2700 முதல் 3000 கெல்வின் பொருத்தம். ஒளி பக்கவாட்டிலிருந்து விழுந்தால்தான் புடைப்பு வேலை தெரியும்.

நிஜப்பூ வைக்க ஆசையிருந்தால் தண்ணீரை உள்ளே ஒரு கண்ணாடிக் குழாயிலோ பிளாஸ்டிக் குவளையிலோ ஊற்றுங்கள், சாடியில் அல்ல.

சாடியை விளக்காக்குதல்

அடியில் துளையிடச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள், துளையிட்ட ஆன்டிக்கின் மதிப்பு அன்றே சரிந்துவிடும். வாய்க்குள் விரியும் ரப்பர் அடைப்பானோடு வரும் விளக்கு மூடியில் ஒயர் பக்கவாட்டில் வெளியேறும், சாடியைத் தொடவே வேண்டாம். அடைப்பானை வாயின் அளவு பார்த்து வாங்குங்கள். அதிகமாக இறுக்கினால் உள்ளிருந்து தள்ளும் விசையில் கழுத்து பிளக்கும். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மணல்பை அவசியம். பல்பு 6 முதல் 8 வாட் எல்இடி. இழை பல்பின் சூட்டில் விரிசல் நீளலாம். பல்பின் மேல் கவிழ்க்கும் நிழற்கூடையின் அடி சாடியின் மிக அகலமான இடத்தைவிட அகலமாக இருந்தால் பார்க்க நிறைவாக இருக்கும்.

பழைய மின்பொருத்திகள்

பீங்கான் ஹோல்டர், சீலிங் ரோஸ், சுவிட்சு ஆகியவற்றில் பீங்கான் நன்றாகவே இருக்கும், கெட்டுப்போவது உள்ளே இருக்கும் உலோகம். தொடுநாக்கு விறைப்பிழந்தால் பொறி பறந்து கருகும். கருகல் தெரிந்தாலோ உடல் வெடித்திருந்தாலோ மின்சாரம் கொடுக்காமல் காட்சிக்கு மட்டும் வையுங்கள். துணி சுற்றிய பழைய ஒயரின் உள்ரப்பர் வளைத்தாலே உதிரும், முழுதாக மாற்றுங்கள். துணியுறை போட்ட புது ஒயர் கிடைக்கிறது, தோற்றம் கெடாது. உலோகப் பாகம் வெளியே தெரியும் விளக்குக்கு எர்த் கட்டாயம். இந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

குமிழும் வாஷ்பேசினும்

அலமாரிக் குமிழ் உடைவதற்கு வழக்கமான காரணம் ஸ்குரூவின் நீளம். பலகையைத் தாண்டிய மிச்சம் குமிழின் உள்துளையைவிட நீண்டால் நுனி உள்ளே முட்டி, பதித்த நட்டைப் பெயர்க்கும் அல்லது குமிழையே பிளக்கும். பலகையின் தடிமனையும் துளையின் ஆழத்தையும் அளந்து, ஸ்குரூவை அவற்றின் கூட்டுத்தொகையைவிட 2 மி.மீ. குட்டையாக வெட்டுங்கள். குமிழுக்கும் பலகைக்கும் இடையில் ஃபைபர் வாஷர் வைத்துக் கையால் இறுக்கி, பின் கால்சுற்று மட்டும் திருப்புங்கள். பழைய மரை இன்றைய அளவுக்குப் பொருந்தாமல் போகலாம், அசல் ஸ்குரூவைத் தூக்கி எறியாதீர்கள்.

வாஷ்பேசினில் முதலில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது இரும்பின் மேல் எனாமல். சில்லு விட்ட இடத்தில் துருப்பிடிக்கும், பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒட்டாவிட்டால் சுட்ட பீங்கான்; அதில் கொதிநீரைத் திடீரென ஊற்றினால் வெடிக்கும். இரண்டுமே கனம், தண்ணீரும் சேரும். பலகைத் தடுப்புச் சுவரானால் பின்னால் மரச்சட்டம் கொடுத்த பிறகே பிராக்கெட் அடிக்க வேண்டும். குழாய் வாங்கும் முன் துளைகளின் விட்டத்தையும் இரு துளை மையங்களுக்கு இடையிலான தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள், இன்றைய மிக்ஸர் குழாய்கள் பல பழைய பேசினில் உட்காராது. தண்ணீர் வடியும் துளையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கின் இருபுறமும் ரப்பர் வாஷர் போட்டு நட்டைக் கையிறுக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் முறுக்குங்கள். பேசினை நிரப்பி, அடியில் உலர்ந்த காகிதம் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். காகிதம் நனைந்தால் நட்டை மேலும் முறுக்காமல் வாஷரை மாற்றுங்கள்.