மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா?

வேலூரில் காட்பாடியோ சத்துவாச்சாரியோ, சளி காய்ச்சல் என்றால் நேரே மெடிக்கலில் போய் "அண்ணா, போன தடவை குடுத்தீங்களே, அதையே மூணு நாளைக்குக் குடுங்க" என்று கேட்பது நம் பழக்கம். வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஓடினால், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து அது. அசித்ரோமைசின், செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக் (பாக்டீரியாவை அடக்கும் மருந்து) எல்லாம் இந்த ரகம்தான். சாதாரண சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. உடம்பில் இருக்கும் பாக்டீரியாதான் மருந்துக்கு அடங்காமல் தேறிவிடும்.

அப்புறம், அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறவர்கள், மருந்து தொடங்கும் முன்பே யூரின் கல்ச்சர் (சிறுநீரில் என்ன கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் டெஸ்ட்) எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், பரவாயில்லை. அதில் ஒவ்வொரு மருந்துக்கும் நேரே ஓர் எழுத்து இருக்கும்: 'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், 'ஆர்' என்றால் கட்டுப்படாது. அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். (ஆஸ்பத்திரி ஃபைல் இல்லாத வீடு வேலூரில் ஏது!) அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை எடுத்து நீட்டுங்கள்.

மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற தாராளம் மட்டும் வேண்டாம்.