போலிச் சாமியார்களின் வித்தையைக் கற்க வருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

எலுமிச்சம்பழத்தை வெட்டினால் ரத்தம் வர வேண்டும். கோலாலம்பூரில் இளைஞர் முகாம்களிலும் தமிழ்ப்பள்ளி விடுமுறை நிகழ்ச்சிகளிலும் போலிச் சாமியார்களின் குட்டை உடைக்க "மந்திரமா தந்திரமா" செய்துகாட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். "அண்ணே, அதை மட்டும் சொல்லிக் கொடுத்துடுங்க."

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நம் தேசிய மலர் புங்கா ராயா, அதாவது செம்பருத்தி, வேலியோரம் பூத்துக் கிடக்கிறது. சிவப்பு இதழ்களைக் கசக்கிக் கத்தியின் இரண்டு பக்கமும் தேய்த்துக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு பழைய கத்தியில் கறை படிந்ததுபோல மங்கலாக இருக்கும். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பழத்துக்குள் கத்தி இறங்கியதும் புளிப்புச் சாறு அந்தக் கறையைக் கரைத்துச் சிவக்க வைக்கும். பழம் பிளந்து சிவப்பாக வழியும்போது "செய்வினை முறிந்தது" என்று ஒரு குரல் வந்தால் போதும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆலாத்தித் தட்டில் பார்க்கிறோம். அதையே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

பையன் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் செய்துகாட்டுவான். "பாத்தீங்களாம்மா, எல்லாம் பொய்." அம்மா அசைய மாட்டார். "அது நீ செய்யறதுடா. சாமியாரு வேற. நான் வாயே தொறக்கல, கர்ப்பப்பையில கட்டி இருக்குன்னு பட்டுன்னு சொன்னாரே, அது எப்படி?"

பையனிடம் பதில் இருக்காது. கற்க வருகிறவர்கள் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற வித்தையைக் கற்றுக்கொண்டு, காசு வாங்கித் தருகிற வித்தையை விட்டுவிடுவது. எலுமிச்சம்பழம் வெறும் முடிவுரை. அந்த அம்மா அதற்கு முன்பே நம்பிவிட்டார்.

காத்திருக்கும் நாற்காலியில் நடப்பது

அமெரிக்காவில் பீட்டர் போபோஃப் என்ற பிரசங்கியார் கூட்டத்தில் இருக்கிறவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார், முகவரியைச் சொல்வார், நோயைச் சொல்வார். கடவுள் காதில் சொல்கிறார் என்று ஜனங்கள் அழுதார்கள். 1986-ல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர் தம் குழுவோடு ரேடியோ ஸ்கேனரைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டார். 39.17 மெகாஹெர்ட்ஸில் வந்தது கடவுளின் குரல் அல்ல, பிரசங்கியாரின் மனைவி எலிசபெத்தின் குரல். கூட்டம் தொடங்குவதற்கு முன் ஜனங்களோடு பேசியும் ஜெப அட்டைகளைப் படித்தும் திரட்டிய விவரங்களைக் கணவரின் காதிலிருந்த சின்னக் கருவிக்கு அவர் அனுப்பிக்கொண்டிருந்தார். ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ராண்டி அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். மறு வருடம் போபோஃப் திவால் ஆனார். பிறகு எழுந்து வந்து "அற்புத ஊற்று நீர்" அனுப்பிக் காசு பார்த்தது வேறு கதை.

நம் ஊரில் காதுக் கருவிகூடத் தேவையில்லை. நேரம் வாங்கப் போன் செய்யும்போதே பெயர், நட்சத்திரம், "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று பாதி வந்துவிடும். மீதி காத்திருக்கும் இடத்தில் வரும். பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா இருப்பார். "நானும் இப்படித்தான் வந்தேன், இப்ப எவ்வளவோ தேவலாம்" என்று பேச்சுக் கொடுப்பார். வலியோடு இருக்கிறவருக்குக் காது கொடுக்க ஆள் கிடைத்தால் ஸ்கேன் எடுத்த தேதியிலிருந்து மருமகள் சண்டை வரை கொட்டிவிடுவார்.

இன்னொரு வழி, மருந்துப் பை. அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரைப் பொட்டலத்தின் லேபிளில் நோயாளியின் பெயரும் மருந்தின் பெயரும் அச்சாகியிருக்கும். "சாமி முன்னால பை கொண்டுபோகக் கூடாதும்மா, இங்க வெச்சுட்டுப் போங்க" என்றால் யார் மறுப்பார்கள்? மெட்ஃபோர்மின் என்று இருந்தால் அநேகமாகச் சர்க்கரை. டமொக்சிஃபென் என்று இருந்தால் மார்பகப் புற்றுநோய். உள்ளே இருக்கிறவருக்கு ஞானதிருஷ்டி வேண்டாம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு பயிற்சி சொல்கிறேன். நண்பர் ஒருவரைப் பத்து நிமிடம் சும்மா பேசவிட்டு, அவர் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். மறுவாரம் அந்த விவரங்களையே குறி சொல்வதுபோல அவரிடம் சொல்லிவிட்டுப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். "இதை நான் சொன்னேனா?" என்பார். வாயே திறக்கவில்லை என்று அந்த அம்மா சொன்னது பொய் அல்ல. அவருக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை.

விவரமே கிடைக்காதபோதும் வழி இருக்கிறது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948-ல் 39 மாணவர்களுக்கு "உன் குணநலன் இது" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம், சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்தது. "நீ எல்லாருக்கும் நல்லது செய்வே, ஆனா உனக்கு நல்ல பேர் கிடைக்காது." இந்த வரி பொருந்தாத ஒரு தமிழ்ப் பெண்ணை எனக்குக் காட்டுங்கள், பார்க்கலாம்.

யூடியூப் ரசாயனம்

பழைய ஆட்களின் வித்தைகளில் சில கொல்லக்கூடியவை. அலுமினியத் தகட்டைத் தொட்டதும் திருநீறு கொட்டுகிற வித்தைக்குப் பயன்படுவது பாதரச உப்பு. தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் கொடிய விஷம் அது. தண்ணீர் தெளித்ததும் தேங்காய் தீப்பற்றுவது சோடியத்தால். அது வெடித்துக் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். நாக்கில் கற்பூரம் ஏற்றுவதை யூடியூப் பார்த்து வீட்டுக் கூடத்தில் முயல்கிற பையன்களும் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பிரேமானந்த் போன்றவர்கள் இவற்றை ஊர் ஊராகச் செய்துகாட்டியதற்குப் பின்னால் வருடக்கணக்கான பழக்கம் இருந்தது. கையிலிருந்து திருநீறு வரவழைக்கத்தான் ஆசை என்றால் கஞ்சித் தண்ணீரில் சாம்பலைக் குழைத்து உருட்டிக் காயவைத்த வில்லை போதும். கட்டை விரல் இடுக்கில் ஒளித்து நசுக்கினால் பொடியாக உதிரும்.

தெரிந்தவன் ஏமாற மாட்டான் என்ற நினைப்பு

பத்து வித்தை தெரிந்ததும் ஒரு திமிர் வரும். அது வேண்டாம். 1979-ல் தொடங்கி, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் இரண்டு இளம் மேஜிக் கலைஞர்கள் மனசக்தியால் கரண்டியை வளைப்பவர்களாக நடித்தார்கள். அவர்களை அனுப்பியதும் ராண்டிதான். ஆய்வாளர்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் நம்பினார்கள். முட்டாள்கள் இல்லை அவர்கள், படித்தவர்கள். தங்களை ஏமாற்ற முடியாது என்று இருந்தவர்கள்.

வித்தை என்று சொல்லாமல் விடுவது

அக்குளில் ஒரு சின்னப் பந்தை இடுக்கிக்கொண்டு கையை உடம்போடு அழுத்தினால் மணிக்கட்டில் நாடி நின்றுபோகும். தோளிலிருந்து இறங்கும் ரத்தக்குழாய் அமுங்குவதுதான் காரணம். நாடி பிடிக்கிற நர்ஸ்கூட ஒரு கணம் வெலவெலத்துப் போவார். 1988-ல் ராண்டி ஏற்பாடு செய்து, ஹோசே அல்வாரஸ் என்ற இளைஞர் ஆஸ்திரேலியாவில் "கார்லோஸ்" என்ற ஆவி தன் மேல் இறங்குவதாக இந்த வித்தையோடு நடித்தார். ஊடகங்கள் விசாரிக்காமல் இடம் கொடுத்தன. சிட்னி ஓப்பரா ஹவுஸில் கூட்டம் கூடியது. சில நாளில் தொலைக்காட்சியில் உண்மையைப் போட்டு உடைத்தார்கள். அப்படி உடைத்த பிறகும் கார்லோஸை நம்பியவர்கள் இருந்தார்கள்.

ஆகவே விருந்து வீட்டில் விளையாட்டுக்குச் செய்துகாட்டி, "எப்படின்னு சொல்ல மாட்டேன் லா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போகாதீர்கள். அன்று இரவே யாராவது ஓர் அத்தை தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எம் பொண்ணுக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்பார். வித்தையைக் காட்டிய இடத்திலேயே, காட்டிய ஆள்களிடமே, எப்படி என்று சொல்லிவிட வேண்டும்.

பக்தியையும் மோசடியையும் ஒரே கூடையில் போடுவது

நாக்கில் திரிசூலம் குத்துவதுபோல் காட்ட, நடுவில் வளைந்த கம்பி ஒன்று உண்டு. வளைவு நாக்கைச் சுற்றிக்கொள்ளும், முன்னால் இருந்து பார்த்தால் ஊடுருவிப் போனதுபோல இருக்கும். இதைக் கற்ற ஆர்வத்தில் பத்துமலையில் அலகு குத்தி 272 படி ஏறுகிறவரிடம் போய் "எனக்குத் தெரியும் சார், வளைஞ்ச கம்பிதானே" என்று கேட்டால் அடி விழும், விழவும் வேண்டும். அவர் குத்தியிருப்பது நிஜ அலகு, அவர் நேர்த்திக்கடன், யாரிடமும் காசு கேட்கவில்லை. தீமிதியும் அப்படித்தான். தணல் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதும் கால் படும் நேரம் குறைவு என்பதும் அறிவியல். அதைத் தெரிந்துகொண்டும் மிதிக்கலாம். ஒருவர் நம்புவது வேறு, அந்த நம்பிக்கையை வைத்து இன்னொருவர் ரசீது கிழிப்பது வேறு.

இதில் இன்னொரு சறுக்கலும் உண்டு. சிலருக்கு மலாய் மந்திரவாதியான போமோவின் வித்தையை உடைக்க ஆசை, சிலருக்கு ஜெபக்கூட்டத்தை. தம் சொந்தக் கோயிலடியில் நடப்பதைத் தொட மட்டும் மனம் வராது. மலேசியாவில் மத உணர்வைப் புண்படுத்தினால் குற்றவியல் சட்டம் 298-வது பிரிவு இருக்கிறது, விளையாட்டு வேண்டாம். முதலில் நம் தெருவில் நடப்பதைப் பாருங்கள். முட்டையை உடம்பெல்லாம் உருட்டி உடைத்து ஊசியும் முடியும் காட்டுவது எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. ஓட்டில் ஓட்டை போட்டுத் திணித்து மெழுகால் அடைப்பது ஒரு வகை. அதற்கும் சோம்பல்பட்டவர் உடைக்கும்போது விரலிடுக்கிலிருந்து நழுவ விடுவார்.

"ஆனா வலி போச்சே"

இந்த இடத்தில் "அதெல்லாம் மனப் பிரமை" என்று சொல்லி ஓடிவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. வலி உண்மையாகவே போயிருக்கலாம். மேடையில் நிற்கும் பரபரப்பில் வலி மறையும், சில மணி நேரத்துக்கு. வில்லியம் நோலன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கேத்ரின் கூல்மன் என்ற பிரசங்கியாரின் கூட்டத்தில் குணமானதாகச் சொன்ன 23 பேரைப் பின்தொடர்ந்து விசாரித்தார். ஒருவருக்கும் நோய் தீரவில்லை. முதுகெலும்பில் புற்றுநோய் இருந்த ஒரு பெண் மேடையில் இடுப்புப் பட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினார். மறுநாள் முதுகெலும்பு நொறுங்கியது. நான்கு மாதத்தில் இறந்துபோனார். மூட்டுவலி, ஆஸ்துமா போன்றவை தாமாகவே ஏறி இறங்கும். ஏறியிருக்கும்போதுதான் ஜனங்கள் சாமியாரிடம் போவார்கள், அடுத்து இறங்கத்தான் செய்யும்.

பொடி கொடுத்து வலி போயிருந்தால் விஷயம் இன்னும் கனமானது. மூலிகைப் பொடி, மந்திரித்த கேப்சூல் என்று விற்பவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்யும். நடக்க முடியாத கிழவி மறுவாரம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போய் வருவார். "பாத்தியா?" என்று உங்களைத்தான் கேட்பார். சில மாதத்தில் முகம் உருண்டையாக உப்பும், சர்க்கரை ஏறும், தோல் மெலியும். பதிவு செய்த மருந்தாக இருந்தால் டப்பாவில் MAL என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். வெறும் பிளாஸ்டிக் பொட்டலத்தில் வருவதில் எதுவும் இராது.

அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் "இது மோசடி" என்று பிடுங்கிக் குப்பையில் போடுகிறவரே கற்றுக்குட்டிகளில் ஆபத்தானவர். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போன உடம்பு, தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தியும் மயக்கமுமாக உயிருக்கே ஆபத்து வரும். எப்படிக் குறைப்பது என்பது டாக்டரின் வேலை. அரசு கிளினிக்கில் குடிமக்களான நமக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை என்பதற்காக யாரும் சாமியாரிடம் போவதில்லை. அங்கே அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுகிறார்கள், அதனால் போகிறார்கள்.

"இவ்வளவு படிச்சிட்டு இதைப் போய் நம்புனீங்களா" என்று நீங்கள் ஒரு தடவை சிரித்துவிட்டால், பொடி சாப்பிடுகிறவர் அதைப் பற்றி டாக்டரிடம் வாய் திறக்க மாட்டார். சிரிக்காமல் அவரோடு டாக்டரிடம் போங்கள். எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொட்டலம் மிச்சமிருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.