நாளை மாலை கப்பல், இன்று விமானம் ரத்து: சிங்கப்பூர் க்ரூஸ் பயணிகள் செய்ய வேண்டியவை

நாளை மாலை 5 மணிக்கு சிங்கப்பூர் மரினா பே க்ரூஸ் சென்டரிலிருந்து கப்பல். இன்று நள்ளிரவு தாண்டி சென்னையிலிருந்து விமானம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனுக்கு ஒரு மெசேஜ் வருகிறது: உங்கள் விமானம் ரத்து. கீழே இரண்டு பொத்தான்கள், ஒன்று ரீஃபண்ட், இன்னொன்று வேறு விமானம். பதற்றத்தில் பலரும் முதல் பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விமான நிறுவனத்துக்கு இது ஒரு நாள் தாமதம். உங்களுக்கோ மொத்த விடுமுறையும் போய்விடும், ஏனென்றால் கப்பல் காத்திருக்காது. அதனால் வேலைகளின் வரிசை முக்கியம். சீட்டு முதலில், தாள்கள் அடுத்து, பணம் கடைசி.

படி 1: ரீஃபண்டைத் தொடாதீர்கள்

ரத்து செய்தது நிறுவனம் என்றால், மாற்று விமானமா பணமா என்று தேர்வு செய்யும் உரிமை உங்களுடையது. ரீஃபண்ட் கேட்டுவிட்டால் உங்களைச் சிங்கப்பூர் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. அதன்பின் நீங்களாக டிக்கெட் எடுக்கும்போது, புறப்பாட்டுக்கு முந்தின நாளின் உயர்ந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் அந்த விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. போகவர ஒரே பிஎன்ஆரில் இருந்தால், சில ஆப்களில் ரீஃபண்ட் பொத்தான் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே ரத்து செய்துவிடும்.

மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அது வந்த நேரமும் தெரிய வேண்டும். அந்த நேரம் பிறகு பணம் கேட்கும்போது உதவும்.

படி 2: கடைசி நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

கப்பல் கிளம்பும் நேரம் 5 மணி என்றால் 5 மணி வரை ஏறலாம் என்று பொருள் இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே செக்-இன்னை மூடிவிடும். உங்கள் கப்பலுக்கு எவ்வளவு என்பது க்ரூஸ் டிக்கெட்டில் இருக்கும். 90 நிமிடம் என்று வைத்து, பின்னாலிருந்து எண்ணுவோம்.

செக்-இன் மூடுவது மதியம் 3.30. சாங்கியிலிருந்து டாக்ஸி சாதாரணமாக 20, 25 நிமிடம்தான், வரிசையில் நிற்பதையும் சேர்த்து 45 நிமிடம் கொடுங்கள். அப்படியென்றால் விமான நிலையத்தைவிட்டு 2.45க்கு வெளியே வர வேண்டும். இமிக்ரேஷனுக்கும் பெட்டிக்கும் ஒன்றேகால் மணி நேரம். ஆக, விமானம் 1.30க்குள் தரையிறங்க வேண்டும். சென்னையிலிருந்து பறக்கும் நேரம் ஏறக்குறைய நாலேகால் மணி. புறப்பாடு சிங்கப்பூர் நேரப்படி காலை 9.15, அதாவது நம் நேரப்படி காலை 6.45.

இரண்டரை மணி நேர வித்தியாசத்தில்தான் பலர் தவறுவார்கள். டிக்கெட்டில் புறப்பாடு இந்திய நேரத்திலும் இறங்குவது சிங்கப்பூர் நேரத்திலும் அச்சாகியிருக்கும். கப்பலின் நேரம் எப்போதும் சிங்கப்பூர் நேரம்.

இனி உங்கள் தேடல் முழுக்க இந்த ஒரு கேள்விதான்: மதியம் 1.30க்குள் சாங்கியில் இறங்க வழி இருக்கிறதா? மாலை 4 மணிக்கு இறங்கும் மாற்று விமானத்தை நிறுவனம் தானாகப் போட்டுத் தந்திருந்தால், அது உங்களுக்குப் பயன்படாது. ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

படி 3: கப்பலுக்குச் சொல்லுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. ஏஜென்ட் மூலம் பதிவு செய்திருந்தால் ஏஜென்டுக்கு, நேரடியாகச் செய்திருந்தால் க்ரூஸ் டிக்கெட்டில் உள்ள அவசர எண்ணுக்கு. பதிவு எண், எத்தனை பேர், எந்த விமானம் ரத்து, புதிய விமானம் எப்போது இறங்கும். ஒதுக்கிய செக்-இன் நேரம் மதியம் 12 என்றிருந்தால் 3 மணிக்கு வருவதாகச் சொல்லிவையுங்கள். விமான டிக்கெட்டையும் க்ரூஸ் நிறுவனம் வழியாகவே எடுத்தவர்கள் முதலில் இவர்களைத்தான் அழைக்க வேண்டும். மாற்று ஏற்பாட்டை அவர்களே பார்ப்பார்கள்.

எந்த முனையம் என்பதையும் இப்போதே உறுதிப்படுத்துங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. மரினா பே க்ரூஸ் சென்டருக்கு அருகில் உள்ள எம்ஆர்டி நிலையம் மரினா சவுத் பியர். இன்னொன்று ஹார்பர்ஃபிரன்ட்டில். டாக்ஸியில் 'க்ரூஸ் சென்டர்' என்று மட்டும் சொன்னால் தவறான இடத்தில் இறங்க நேரலாம்.

படி 4: மாற்று விமானத்தை நீங்களே தேடி வைத்துவிட்டுக் கேளுங்கள்

'ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்டால், கவுன்ட்டரில் இருப்பவர் கணினி காட்டும் முதல் இடத்தைத் தருவார். விமான எண்ணோடு கேட்டால் அதைத் தட்டிப் பார்த்தாக வேண்டும்.

அதற்கு முன் டிக்கெட்டை வழங்கியது யார் என்று பாருங்கள். மின் டிக்கெட் எண் 13 இலக்கம், முதல் மூன்று இலக்கம் வழங்கிய நிறுவனத்தைக் காட்டும். 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 098 என்றால் ஏர் இந்தியா. ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் போவது சாதாரணம். அப்போது மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் டிக்கெட் வழங்கியவரிடம்தான். தவறான கவுன்ட்டரில் ஒரு மணி நேரம் நின்றபின் 'அங்கே போங்கள்' என்று அனுப்பப்படுவது இதனால்தான்.

எங்கெல்லாம் தேடலாம்? அதே நிறுவனத்தின் அடுத்த விமானம் முதலில். சென்னை–சிங்கப்பூர் விமானங்களில் பல இரவு 10 மணிக்கும் விடியலுக்கும் இடையே கிளம்புபவை, அதனால் மதியம் செய்தி வந்தால் அன்றிரவே இன்னொன்று இருக்கலாம். அடுத்து மற்ற ஊர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு, பெங்களூரு, கொச்சியிலிருந்தும் உண்டு. சென்னையில் மழை என்றாலும் திருச்சி ஓடுபாதை திறந்திருக்கலாம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் சென்னை கவுன்ட்டரில் காத்திருப்பதைவிட, சாலை திறந்திருந்தால், திருச்சிக்கு வண்டி பிடிப்பது மேல். தூரம் சுமார் 330 கிலோமீட்டர்.

கோலாலம்பூர் வழி கடைசித் தேர்வு. அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேர விமானம், நாள் முழுக்க உண்டு. ஆனால் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் கோலாலம்பூரில் இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள், நடந்து போக முடியாது, இடையில் 3 நிமிட ரயில். இடைவெளி நாலு மணி நேரத்துக்குக் குறைந்தால் எடுக்காதீர்கள். பஸ் வழி ஐந்தாறு மணி நேரம் என்பார்கள், ஜொகூர் எல்லையில் வெள்ளி, சனி நெரிசலைச் சேர்க்காமல். கப்பலைப் பிடிக்க அந்த வழி வேண்டாம்.

கவுன்ட்டரில் வரிசையில் நிற்கும்போதே கால் சென்டருக்கும் போன் போடுங்கள், ஆப்பிலும் சாட் திறந்து வையுங்கள். முதலில் யார் பதில் தருகிறார்களோ அவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நாளை சிங்கப்பூர் நேரம் மதியம் 1.30க்குள் இறங்கணும், கப்பல் இருக்கு. இந்த எண் விமானத்துல நாலு சீட்டு இருக்கு. போற டிக்கெட்டை மட்டும் மாத்துங்க, திரும்பற டிக்கெட் அப்படியே இருக்கட்டும்."

நாலு சீட்டு இல்லை, இரண்டுதான் என்றால் பிஎன்ஆரைப் பிரிக்கச் சொல்லலாம். பிள்ளைகளுடன் ஒரு பெரியவர் இருக்கும்படி பிரியுங்கள். கப்பலில் இரண்டு கேபின் எடுத்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஒருவராவது நேரத்துக்குச் சேர்வது நல்லது. பிரித்தபின் ஒரு பகுதிக்குப் புதிய பிஎன்ஆர் வரும். அதை எழுதிக்கொள்ளுங்கள், திரும்பும் டிக்கெட் அதில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

மதுரை, கோவை, தூத்துக்குடியிலிருந்து சென்னை வந்து மாறுபவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. உள்ளூர் விமானமும் சிங்கப்பூர் விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதலாவது ரத்தானாலும் கடைசி ஊர்வரை கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் வேலை. தனித்தனியாக எடுத்திருந்தால், இரண்டாவது விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராமல் போனவர், அவ்வளவுதான். உள்ளூர் விமானம் ரத்தான உடனே ரயிலோ காரோ பிடித்துச் சென்னை சேர முடியுமா என்று பாருங்கள்.

படி 5: சொந்தச் செலவில் வேறு டிக்கெட் எடுப்பதானால்

சில நேரம் இதுதான் ஒரே வழி. எடுக்கும் முன் ஒன்று செய்தாக வேண்டும். போகும் டிக்கெட்டைப் பயன்படுத்தாமல் விட்டால், அதே பிஎன்ஆரில் உள்ள திரும்பும் டிக்கெட்டைக் கணினி தானாக ரத்து செய்துவிடக்கூடும். ஒரு வாரம் கடலில் மகிழ்ச்சியாக இருந்துவிட்டு சாங்கிக்கு வந்தால் பட்டியலில் பெயர் இருக்காது. எனவே 'போகும் பகுதிக்கு மட்டும் ரீஃபண்ட், திரும்பும் பகுதி உறுதி' என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், வாய்மொழி போதாது.

தேதியிலும் கவனம். 12-ம் தேதி இரவு ஏறுகிறோம் என்று நினைப்பீர்கள். நள்ளிரவு 1.30 விமானம் டிக்கெட்டில் 13-ம் தேதி.

படி 6: தாள்களைச் சரிசெய்யுங்கள்

சிங்கப்பூர் வருகை அட்டை, அதாவது எஸ்ஜி அரைவல் கார்டு, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்புவது. விமான எண்ணோ தேதியோ மாறினால் அதையும் திருத்துங்கள். அரசுத் தளத்தில் இது இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் தவறான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். கப்பலிலிருந்து திரும்பி இறங்கும்போது இன்னொரு அட்டை வேண்டும்.

விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று பாருங்கள். கப்பல் சிங்கப்பூரைவிட்டுப் போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. கோலாலம்பூர் வழியாக நுழைந்தால் மலேசியாவின் மின் வருகை அட்டையும் சேர்கிறது.

படி 7: இமிக்ரேஷன் தாண்டியபின் ரத்தானால்

கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது அறிவிப்பு வந்தால் தனியாக வெளியே நடக்க முயலாதீர்கள். பாஸ்போர்ட்டில் விழுந்த புறப்பாட்டு முத்திரையை ரத்து செய்ய வேண்டும், நிறுவன ஊழியர் கூட்டமாக அழைத்துப் போவார். டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி வர இன்னும் நேரமாகும். மொத்தத்தில் இரண்டு மணி நேரம் போகலாம், அந்த நேரத்தில் போனிலேயே படி 4-ஐ நடத்துங்கள். காத்திருக்கும்போது சாப்பாடும் குடிநீரும் நிறுவனம் தர வேண்டும், கேட்டால்தான் பெரும்பாலும் வரும்.

படி 8: கப்பல் போய்விட்டால்

ஒரு வழி மிச்சம் இருக்கிறது: அடுத்த துறைமுகம். சிங்கப்பூரிலிருந்து மாலையில் கிளம்பும் கப்பல் பினாங்குக்கு மறுநாள் போகும், பயணத் திட்டத்தில் அது இருந்தால். கப்பல் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பினாங்குக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். பயணிகள் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டால் துறைமுக வாசலிலேயே நிறுத்துவார்கள். அனுமதி கிடைத்தால் கேட்க வேண்டியவை: எந்தப் படகுத்துறை, எத்தனை மணிக்குள், அந்த நாட்டுக்கு என்ன தாள். இரண்டு இரவுப் பயணங்களுக்கு இது ஒத்துவராது, நீங்கள் போய்ச் சேர்வதற்குள் கப்பல் திரும்பிக்கொண்டிருக்கும்.

படி 9: பணம்

இந்தியாவிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்பே ரத்து என்று தெரிவித்துவிட்டால் இழப்பீடு கிடையாது, மாற்று விமானமோ ரீஃபண்டோதான். முறைப்படி முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பறக்கும் நேரம் இரண்டு மணிக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. புயல், பாதுகாப்புக் காரணம், வான்வழிக் கட்டுப்பாடு என்றால் இழப்பீடு இல்லை. பதிவின்போது சரியான போன் எண் தராதவர்களுக்கும் இல்லை. ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டு டிக்கெட் எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். உங்களுக்கு மெசேஜே வராமல் போவதற்கும் அதுவே காரணம்.

இந்த இழப்பீட்டில் கப்பல் கட்டணம் சேராது, அதற்குப் பயணக் காப்பீடு ஒன்றுதான் வழி. பாலிசியைத் திறந்து, விமானம் ரத்தாகிக் கப்பலைத் தவறவிடுவது அதில் வருகிறதா என்று பாருங்கள். 'மிஸ்டு கனெக்‌ஷன்' என்று போட்டிருந்தாலும், சில பாலிசிகளில் அது விமானத்துக்கு விமானம் மட்டுமே. புயல் எச்சரிக்கை வந்தபின் வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது. கோரிக்கைக்கு நிறுவனத்தின் ரத்துச் சான்றிதழ், புதிய டிக்கெட் பில், ஹோட்டல், டாக்ஸி ரசீது, கப்பல் நிறுவனத்தின் 'ஏறவில்லை' என்ற கடிதம் எல்லாம் வேண்டும். சான்றிதழை அன்றே கேட்டு வாங்குங்கள், ஒரு மாதம் கழித்து வாங்குவது பெரும்பாடு.

ரீஃபண்டுக்குப் பதில் 'கிரெடிட் ஷெல்', அதாவது அதே நிறுவனத்தில் அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படுத்தும் வரவு, தருகிறோம் என்றால், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். வெப் செக்-இன் செய்திருந்தால் முதலில் அதை நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விண்ணப்பம் நகராது. நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பிஎன்ஆரோடு புகார் பதியலாம்.

கப்பலில் ஏறவே முடியாமல் போனவர்கள் மொத்தப் பணமும் போனது என்று விட்டுவிட வேண்டாம். பில்லில் துறைமுகக் கட்டணமும் வரியும் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். நீங்கள் ஏறாததால் கப்பல் நிறுவனம் கட்டாத தொகை அது. அதை மட்டும் திருப்பித் தரும்படி பதிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பலரும் கேட்பதில்லை, கேட்காதவர்களுக்கு அது தானாக வருவதும் அரிது.